தி வாக்கிங் டெட், சீசன் 4, அத்தியாயம் 12 ‘ஸ்டில்’: மெதுவாக நகர்வது குறைதானா?

மரவட்டை (திரியைத் தொடங்கியவர்)

செத்தவர்கள் பிணங்களாக எழுந்து நடமாடி மனிதரைத் தாக்குகிற உலகத்தில் பிழைத்திருக்கிற ஒரு குழுவின் கதையான இந்தத் தொடரை முழுவதும் மறுபடி பார்த்துக்கொண்டு வருகிறேன். நேற்றிரவு ‘ஸ்டில்’ வந்தது. 2014 மார்ச் 2 அன்று இது முதலில் ஒளிபரப்பானபோது, பார்த்துவிட்டு எரிச்சலோடு எழுந்து போனவன் நான். குழு தங்கியிருந்த சிறைச்சாலை விழுந்துவிட்டது, ஹெர்ஷலை எதிரியான ‘கவர்னர்’ வெட்டிக் கொன்றுவிட்டான், ரிக் ஒரு திசையிலும் மேகி ஒரு திசையிலும் கிளென் இன்னொரு திசையிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள்; இந்த நேரத்தில் டேரிலும் ஹெர்ஷலின் மகள் பெத்தும் ஒரு புட்டி மதுவைத் தேடி அலைவதற்கு முழு அத்தியாயத்தையும் கொடுக்க வேண்டுமா என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மறந்தவர்களுக்காகக் கதைச் சுருக்கம். தொடரின் முதன்மைப் பாத்திரங்களில் இந்த இருவர் மட்டுமே இதில் வருகிறார்கள். காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். தன் வாழ்க்கையில் ஒருமுறைகூட மது குடித்ததில்லை, குடித்துப் பார்க்க வேண்டும் என்று பெத் கிளம்புகிறாள். கைவிடப்பட்ட ஒரு கோல்ஃப் கிளப்புக்குள் நுழைகிறார்கள். பிறகு காட்டுக்குள் இருக்கும் ஒரு பாழடைந்த குடிசைக்குப் போய், அங்கே கிடைத்த காய்ச்சிய சாராயத்தைக் குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அழுகிறார்கள், குடிசையைக் கொளுத்திவிட்டு நடக்கிறார்கள். நடப்பது அவ்வளவுதான்.

நேற்று எனக்கு அந்தப் பழைய எரிச்சல் வரவில்லை. அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் வராமல் போயிற்றா, அல்லது அன்று நான் சரியாகப் பார்க்கவே இல்லையா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கடைசிவரிசை

அன்றும் இன்றும் என் கருத்து ஒன்றுதான், மரவட்டை அவர்களே. மெதுவாகப் போவதை நான் குறை சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டே அத்தியாயம் தள்ளி வருகிற ‘தி குரோவ்’ இதைவிட வேகமானதல்ல. அதிலும் ஒரு வீடு, ஒரு தோப்பு, கேரல், டைரீஸ், இரண்டு சிறுமிகள், ஒரு கைக்குழந்தை, அவ்வளவுதான். ஆனால் அந்த மெதுவான நடை, லிஸி தன் தங்கையைக் கொன்றுவிட்டு நிற்கிற இடத்துக்கும், அதற்குப் பிறகு கேரல் செய்தாக வேண்டிய காரியத்துக்கும் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கிருந்து யாரும் திரும்பி வர முடியாது.

‘ஸ்டில்’ எங்கே கொண்டுபோகிறது? குடிக்கும்போது விளையாடுகிற ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ‘நான் இதைச் செய்ததில்லை’ என்று ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் அதைச் செய்திருந்தால் குடிக்க வேண்டும். இது பாத்திரங்களின் பழைய கதையைப் பார்வையாளருக்குத் தெரிவிப்பதற்காக ஏற்பாடு செய்த நேர்காணல். பேட்டி எடுப்பவருக்குப் பதிலாக ஒரு சாராயக் குடுவையை நடுவில் வைத்திருக்கிறார்கள். பாத்திரத்தின் ஆழம் அதன் செயலில் தெரிய வேண்டும். உட்கார வைத்துக் கேட்டு வாங்கக் கூடாது.

கடைசியில் குடிசையைக் கொளுத்திவிட்டு இருவரும் நடுவிரல் காட்டுவது, பழைய வாழ்க்கையை எரித்துவிட்டார்கள் என்பதைப் பலகையில் எழுதிக் காட்டுவது போலிருக்கிறது.

ஈசல்

பாம்பைச் சுட்டுத் தின்கிற காட்சியை யாரும் சொல்லவில்லையே. எனக்கு அத்தியாயம் முழுவதும் அதுதான் பிடித்தது. டேரில் தின்கிற விதத்தில் பசி மட்டும்தான் இருக்கிறது, ருசி இல்லை.

ஒலிவாங்கி

கடைசிவரிசை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் விவாதத்தை நடுவிலிருந்து தொடங்குகிறார். நான் தொடக்கத்திலிருந்து வருகிறேன், ஏனென்றால் இந்த அத்தியாயத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அதன் முதல் காட்சியே சொல்லிவிடுகிறது.

இரவு. இருவரும் ஓடி வருகிறார்கள். சாலையில் நிற்கிற ஒரு காரை டேரில் இயக்கிப் பார்க்கிறான், அது கிளம்பவில்லை. பின்னால் ஒரு பெருங்கூட்டம் வருகிறது. இருவரும் காரின் டிக்கிக்குள் புகுந்து, மூடியை உள்ளிருந்து ஒரு துணியால் இழுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். துணி இழுத்துப் பிடித்த அளவுக்கு மேல் மூடி மூடவில்லை. ஒரு கீற்று இடைவெளி இருக்கிறது. அந்தக் கீற்றை நோக்கிக் குறுக்குவில்லைப் பிடித்தபடி டேரில் கிடக்கிறான். மின்னல் வெட்டும்போதெல்லாம் அந்த இடைவெளியில் நிழல்கள் கடந்து போகின்றன. காருடைய தகட்டில் உடல்கள் உரசுகிற ஓசை கேட்கிறது. மெல்ல ஓசை அடங்குகிறது, இருட்டு சாம்பல் நிறமாகிறது, விடிகிறது. இருவரும் கிடந்தபடியேதான் கிடக்கிறார்கள். இவ்வளவுக்கும் ஒரு வசனம் இல்லை.

விடிந்த பின்னும் பேச்சு உடனே வருவதில்லை. அந்தக் காரிலிருந்து பயன்படக்கூடிய பொருள்களைக் கழற்றிக்கொள்கிறார்கள், தங்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி அதில் உலோகத் துண்டுகளைத் தொங்கவிடுகிறார்கள், தீ மூட்டுகிறார்கள். எதையும் கேட்டுக்கொள்ளாமல், கை பழகிவிட்ட வேலையாகச் செய்கிறார்கள். ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை.

ஓர் இரவு முழுவதும் மூச்சுத் தொடும் தூரத்தில் கிடந்த இருவர், பகலில் அந்நியர்களைப் போல இருக்கிறார்கள். இதைக் காட்ட இயக்குநர் ஜூலியஸ் ராம்ஸி நேரம் எடுத்துக்கொள்ளாமல் வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால், நமக்குத் தகவல் கிடைத்திருக்கும், களைப்பு கிடைத்திருக்காது. இந்தத் தொடரை 16 மி.மீ. ஃபிலிமில் படம்பிடித்தார்கள் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். அந்தப் படச்சுருளின் பொரிபொரியான தன்மை சண்டைக் காட்சிகளில் நம் கண்ணில் படாது. இப்படி ஒன்றும் நகராத காட்சியில்தான் அந்த மங்கிய காலை வெளிச்சத்தோடு சேர்ந்து தெரியும்.

மட்டுறுத்துநர்

ஐந்தாவது சீசனின் முடிவுகளைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள், பதிவின் முதல் வரியில் அதைக் குறிப்பிட்டுவிட்டுத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். தொடரை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிற உறுப்பினர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள்.

குறுக்குவில்

நான் டேரிலுக்காகவே இந்தத் தொடரைப் பார்த்தவன் என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும், எனவே என் கருத்தைச் சற்றே தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளலாம்.

டேரில் டிக்ஸன் மூலச் சித்திரக்கதையில் இல்லாத பாத்திரம். பெத்தும் அப்படித்தான். ரிக், கார்ல், மிஷோன் போன்றவர்களுக்கு அச்சில் ஒரு முன்கதை இருக்கிறது. இவர்கள் இருவருக்கும் தொடரின் எழுத்தாளர்கள் கொடுப்பதுதான் வாழ்க்கை. மூன்றரை சீசன்களாக டேரிலின் பழைய வாழ்க்கையைத் துண்டு துண்டாகத்தான் பார்த்தோம். முதுகில் தழும்புகள் இருக்கின்றன, தந்தை அடித்தார், அண்ணன் மெர்ல் விட்டுவிட்டுப் போனான் என்பவை இரண்டாவது, மூன்றாவது சீசன்களிலேயே தெரிந்துவிட்டன. எனவே கடைசிவரிசை அவர்கள் சொல்வது போல இது முன்கதையைத் தெரிவிப்பதற்கான அத்தியாயம் என்றால், தெரிவிப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

புதிதாக அவன் சொல்வது ஒன்றுதான். உலகம் அழிவதற்கு முன் நீ என்னவாக இருந்தாய் என்று பெத் கேட்கிறாள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் என்று அவள் ஊகிக்க முயல்கிறாள். அவன் ஒன்றுமாக இல்லை. மெர்லுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான், மெர்ல் என்ன செய்யச் சொன்னானோ அதைச் செய்தான், அவ்வளவுதான். இதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது நார்மன் ரீடஸ் குரலை உயர்த்துவதும் இல்லை, அழுவதும் இல்லை. நாம் நான்கு ஆண்டுகளாக வீரன் என்று கொண்டாடிய ஆள், உலகம் அழிந்திராவிட்டால் யாருக்கும் தெரியாமலே முடிந்திருப்பான் என்று ஒப்புக்கொள்கிறான். ரசிகனாக எனக்கு அது கசப்பாகத்தான் இருந்தது.

என் மனக்குறை வேறு. அவன் இவ்வளவு பேசக்கூடிய ஆள் இல்லை. அந்தத் திண்ணைப் பேச்சில் பாதியை வெட்டியிருந்தாலும் நமக்குப் புரிந்திருக்கும்.

நிலாமுற்றம்

விளையாட்டு என்பது நேர்காணல் என்று கடைசிவரிசை அவர்கள் எழுதியதற்கு என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். விளையாட்டு ஒழுங்காக நடப்பது சில சுற்றுகளுக்கு மட்டுமே. தான் சிறையில் கைதியாக இருந்ததில்லை என்று பெத் சொல்கிற இடத்தில் அது உடைந்துவிடுகிறது. அவள் நினைத்தது, குடித்துவிட்டு ஓரிரவு பூட்டிவைக்கப்படுவது போன்ற சாதாரண விஷயத்தை. தன் தந்தையே ஒரு காலத்தில் அப்படி இருந்தவர் என்றும் சொல்லிப் பார்க்கிறாள். ஆனால் அவனுக்குக் கேட்டது வேறு. நீ என்னை இப்படிப்பட்டவன் என்றுதானே நினைக்கிறாய் என்று எழுகிறான்.

அதற்குப் பிறகு அவன் அந்த விளையாட்டைக் கையில் கத்தியாக எடுத்துக்கொள்கிறான். நான் இதைச் செய்ததில்லை, அதைச் செய்ததில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவளைக் குத்துகிறான். கவனத்தை ஈர்ப்பதற்காக மணிக்கட்டை அறுத்துக்கொண்டதில்லை என்பதுவரை போகிறான். இரண்டாவது சீசனில் அவள் அதைச் செய்துகொண்டவள். கையிலுள்ள வளையல்கள் அந்தத் தழும்பின் மேல்தான் கிடக்கின்றன. செயலில் பாத்திரம் தெரிய வேண்டும் என்கிறீர்கள். நன்றாகத் தெரிந்த ஒருவரின் மிக வலிக்கிற இடத்தைத் தெரிந்தே தொடுவது செயல் இல்லையா? அவளைத் தரதரவென வெளியே இழுத்துப் போய், குறுக்குவில் பழக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு பிணத்தை மரத்தோடு அடித்து வைத்து அதன்மேல் அம்பு அம்பாக விடுவது செயல் இல்லையா? அவள் கத்தியை எடுத்து அந்தப் பிணத்தின் கதையை முடித்து விளையாட்டை நிறுத்துகிறாள். அந்த இடத்தில் யாருக்கு யார்மேல் இரக்கம் இருக்கிறது என்பதை வசனமில்லாமலே புரிந்துகொள்ள முடிகிறது.

அதன் பிறகுதான் அவன் வாயிலிருந்து உண்மை வருகிறது. கவர்னரைத் தேடுவதை நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் உன் தந்தை செத்திருக்க மாட்டார் என்பதுதான் அது. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுகிறான். அவள் பின்னாலிருந்து அணைத்துக்கொள்கிறாள். அவன் திரும்புவதில்லை.

மரவட்டை அவர்களுக்கு ஒரு சொல். ‘நடைப்பிணம்’ என்ற சொல்லை நாம் நடமாடுகிற பிணத்துக்குச் சொல்வதில்லை, உயிரோடு இருந்துகொண்டே வாழ்வதை நிறுத்திவிட்ட ஆளுக்குத்தான் சொல்கிறோம். இந்தத் தொடரில் ரிக் அதைத் தங்களைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல ஐந்தாவது சீசன் ஆகிறது. டேரில் அதை இந்த அத்தியாயத்தின் முதல் பாதியில் நடித்தே காட்டிவிடுகிறான்.

கடைசிவரிசை

நிலாமுற்றம் அவர்களே, விளையாட்டு உடைகிற இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

ஆனால் என் அடிப்படைக் குறை அப்படியே நிற்கிறது. இது எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த சீசனின் பின்பாதி எட்டு அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒரு குழு என்று பிரித்தார்கள். 11ஆவது அத்தியாயம் ரிக்கைக் கட்டிலுக்கடியில் கிடத்தி, மேலே முரடர்கள் படுத்திருக்க நம்மை மூச்சடைக்க வைத்து, அவன் தப்பி கார்ல், மிஷோனோடு கிளம்புவதோடு முடிந்தது. மறுவாரம் தொலைக்காட்சியைத் திறந்தால் கோல்ஃப் கிளப். ரிக் அடுத்து என்ன ஆனான் என்று தெரியவேண்டுமானால் இன்னும் காத்திருக்க வேண்டும். தனியாகப் பார்த்தால் நல்ல அத்தியாயமாக இருக்கலாம். வரிசையில் அது வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. வாராவாரம் பார்த்தவனுக்கு வந்த எரிச்சல் ரசனைக் குறைவால் வந்ததல்ல.

பால்கனி

2023இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் மூன்றாவது அத்தியாயத்தை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களே, அதுவும் முதன்மைக் கதையை நிறுத்திவிட்டு இரண்டு பேரைப் பற்றி மட்டும் பேசியதுதானே. அதற்கு ஒரு நீதி, இதற்கு ஒரு நீதியா?

ஒலிவாங்கி

பால்கனி அவர்களே, ஒப்பீடு சரியாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். பில், ஃபிராங்க் இருவரின் கதை 2003இல் தொடங்கி இருபது ஆண்டுகளைக் கடந்து அவர்களின் முடிவுவரை போய்விடுகிறது. பார்வையாளருக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைக்கிறது. ‘ஸ்டில்’ ஒரு சில நாள்களின் கதை. இருவரும் தொடங்கிய இடத்திலிருந்து சில மைல் தள்ளி நிற்கும்போது முடிகிறது. எனக்கு இரண்டாவதுதான் எழுதக் கடினமானதாகத் தெரிகிறது.

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடிசை எரியும்போது ஒலிப்பது ‘தி மவுன்டன் கோட்ஸ்’ குழுவின் ‘அப் தி வுல்வ்ஸ்’. 2005இல் வந்த ‘தி சன்செட் ட்ரீ’ என்ற இசைத்தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தொகுப்பு, பாடகர் ஜான் டார்னியல் தன்னை அடித்து வளர்த்த மாற்றாந்தந்தையைப் பற்றி எழுதியது. தந்தையின் வீட்டைப் போன்ற ஒரு குடிசையை, அந்த நாற்காலி, அந்த வாளி, அந்தச் சாம்பல்கிண்ணம் எல்லாம் தன் வீட்டிலும் இருந்தன என்று அடையாளம் காட்டிய ஒருவன் கொளுத்துகிறபோது, வேறெந்தப் பாட்டையும் அங்கே வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள் என்ற கடைசிவரிசை அவர்களின் குறையை இது தீர்க்காது. ஆனால் எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஈசல்

கெட்ட சாராயம் குடித்தால் கண் போய்விடும் என்று அப்பா சொல்வார் என்று பெத் சொல்கிறாள். மெத்தனால் கலந்திருந்தால் உண்மையிலேயே போய்விடும். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. கால்நடை மருத்துவரான ஹெர்ஷல் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். பார்ப்பதற்கு இனி என்ன மிச்சமிருக்கிறது என்ற பொருளில் டேரில் பதில் சொல்வான். அந்த வரி போதும், திண்ணைப் பேச்சு இல்லாமலே.

குறுக்குவில்

ஐந்தாவது சீசன் பற்றிய பேச்சு இந்தப் பதிவில் வருகிறது. பார்க்காதவர்கள் தாண்டிச் செல்லவும்.

நான் போய்விட்டால் நீ எனக்காக ரொம்பவே ஏங்குவாய், கடைசியில் மிஞ்சி நிற்கப் போகிற மனிதன் நீதான் என்று பெத் திண்ணையில் சொல்கிறாள். 2014 மார்ச்சில் அது குடிபோதைப் பேச்சாகத்தான் கேட்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, ‘கோடா’ அத்தியாயத்தில், அட்லாண்டா மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அவள் சுடப்பட்டு விழுகிறாள். டேரில் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வருகிறான். அந்த நடையைப் பார்த்த பிறகு ‘ஸ்டில்’ வேறொரு அத்தியாயமாகிவிட்டது. இந்தச் சில நாள்கள் இல்லாமல் அந்த நடைக்கு எடை இருந்திருக்காது.

நிலாமுற்றம்

(இதிலும் ஐந்தாவது சீசன் பேச்சு உண்டு.)

நான் இந்த அத்தியாயத்தை ஆதரிப்பவள். இருந்தாலும் குறுக்குவில் அவர்கள் புகழ்கிற அதே இடம்தான் என்னை உறுத்துகிறது. ‘ஸ்டில்’ பெத்துக்கு ஒரு விருப்பத்தைக் கொடுக்கிறது. குடிக்க வேண்டும் என்பது சின்ன விருப்பம்தான், ஆனால் அவளுடையது. அதற்காக அவள் தனியே கிளம்புகிறாள், அவன்தான் பின்னால் போகிறான். கிளப்பில் ஜவுளிக்கடைப் பொம்மையோடு பிணைத்து அவமானப்படுத்தி வைத்திருக்கிற ஒரு பெண்ணின் உடலை இறக்கிவைக்க வேண்டும் என்கிறாள். செத்தவளுக்கு அது தெரியப்போவதில்லை என்கிற டேரில், கடைசியில் ஒரு துணியை எடுத்து மூடுகிறான். மஞ்சள் சட்டையும் அதன்மேல் வெள்ளை ஸ்வெட்டரும் எடுத்து உடுத்திக்கொள்கிறாள். சற்று நேரத்தில் அவன் கோல்ஃப் மட்டையால் ஒரு பிணத்தை அடித்து நொறுக்க, ரத்தமும் சதையும் அந்த வெள்ளை ஸ்வெட்டர் முழுவதும் தெறிக்கின்றன. அவள் குனிந்து அதைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை. எமிலி கின்னி அந்த ஒரு பார்வையில் கொண்டுவருவது பெரிய விஷயம்.

இவ்வளவு கவனமாக ஓர் ஆளை உருவாக்கிவிட்டு, பிறகு அவளுடைய சாவை டேரிலின் துயரத்துக்கான கணக்கில் எழுதிக்கொண்டார்கள். எடை இருந்திருக்காது என்கிறீர்களே, அந்த எடை யாருடையது?

குறுக்குவில்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: அந்தக் குற்றம் ‘கோடா’வுடையது. அதன் பழியை ‘ஸ்டில்’ மேல் போட வேண்டாம்.

மரவட்டை

நான் திரியைத் தொடங்கியபோது காத்திருப்பைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். கடைசிவரிசை அவர்கள் சொன்னது போல, ஒரு வாரக் காத்திருப்பு அன்றைய எரிச்சலில் பாதி. மீதிப் பாதிக்கு நானே பொறுப்பு. அன்று நான் அடுத்து யார் சாகப் போகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளப்பில் ஆளுயரக் கடிகாரம் மணியடித்தபோது, இதோ வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. பிணங்கள் வந்தன, யாரும் சாகவில்லை, எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு பெண் பிழைத்துக்கொண்டது எனக்கு ஏமாற்றம். இந்தத் தொடர் என்னை அப்படிப் பழக்கி வைத்திருந்தது.

பீச் மதுவைப் பற்றி யாரும் எழுதவில்லை. கிளப்பின் மதுக்கூடத்தில் கடைசியாக மிஞ்சியிருக்கிற புட்டி அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்து அழத் தொடங்குகிறாள். டேரில் அதைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்துவிட்டு, உன் முதல் குடி இந்தச் சனியனாக இருக்கக் கூடாது என்கிறான். அத்தியாயத்தில் அவன் அவளுக்காகச் செய்கிற முதல் காரியம் ஒன்றை உடைப்பது.

கடைசிவரிசை

உங்கள் எல்லாருக்காகவும் நேற்றிரவு மறுபடி பார்த்தேன். டிக்கிக் காட்சியை ஒலிவாங்கி அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். திண்ணைப் பேச்சு நீளம் என்பதில் குறுக்குவில் அவர்களோடு நிற்கிறேன்.

ஒன்றைக் கவனித்தேன். கிளப்புக்குள் நுழைந்ததும் டேரில் கீழே கிடக்கிற பணத்தையும் நகைகளையும் ஒரு பைக்குள் அள்ளுகிறான். பெத் ஏன் என்று கேட்கிறாள், அவன் பதில் சொல்வதில்லை. அந்த உலகத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது. பழைய பழக்கத்தில், மெர்லோடு சுற்றிய காலத்துக் கையாக அந்தக் கை அதை எடுக்கிறது. இரவில் குடிசைமேல் சாராயத்தை ஊற்றிய பிறகு, அந்த நோட்டுக்கட்டை எடுத்து, பற்றவைத்து, எறிகிறார்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, கேமராவும் அதிக நேரம் நிற்பதில்லை. முதல் தடவை நான் இதைப் பார்க்கவே இல்லை.

நடுவிரல் மட்டும் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஈசல்

பெத்துதான் முதலில் காட்டுகிறாள். அவன் காட்டுகிறானா என்று அவள் அவன் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அதற்காகவாவது விட்டுவிடுங்கள்.